சாமி அலுமாரிக்குள் ஒரு ராசாத்தி

செப்டெம்பர் 24, புதன்

விடிய இருந்து புழுக்கம். மழை இந்தா வாறன் எண்டு கடல் பக்கம் கறுத்துக்கொண்டு நிண்டுது, வரேல்லை. எனக்கும் ஒரு இடத்திலை இருப்புக் கொள்ளேல்லை. மூண்டு தரம் எழும்பிப் போய், நான் வேலை செய்யிற இரத்தப் பரிசோதனை லாப் யன்னலாலை காலி வீதியைப் பாத்தன். அங்கை என்ன இருக்கு? பஸ்தான்.

சாப்பாட்டு நேரம் போனிலை ஒரு வீடியோ. ஒருத்தர் கண்ணாடிக் குழாய்க்குள்ளை ஒரு எறும்பு ராசாத்தியை விட்டு, பஞ்சாலை அடைச்சு, இருட்டிலை வைக்கிறார். ஒரு மாசத்துக்குப் பிறகு எடுத்தால் உள்ளுக்கை ஒரு குடும்பம். சாப்பாடும் வேண்டாமாம். செட்டை அசைக்கிற தசை உடம்புக்குள்ளை இருக்கே, அதைக் கரைச்சே முதல் பிள்ளையளை வளர்த்திடுமாம். நாலாம் தரம் பாக்கேக்கை லாப் சிநேகிதி நஸ்ரின் பின்னாலை வந்து நிண்டாள்.

"ஒங்கட குசினில இல்லாத எறும்பா? அல்லாஹ்வே, இதுக்கு ஒரு வீடியோ வேற."

தேவையான சாமான்:
– டியூப் (லாப்பிலை குவிஞ்சு கிடக்கு)
– பஞ்சு (அதுவும்)
– தண்ணி
– ராசாத்தி (?)
– பொறுமை (??)

செப். 25, வியாழன்

வியாழன் எண்டால் லாப்பின்ர கொட்டாஞ்சேனைக் கிளை. போற வழியெல்லாம் நிலத்தைப் பாத்துக்கொண்டே போனன். படிச்ச மட்டிலை விசயம் இதுதான்: மழை விட்ட கையோடை செட்டை முளைச்சதுகள் வெளிக்கிட்டுப் பறக்கும். ஆண் செத்திடும். பெண் இறங்கி, செட்டையைக் கழட்டிப்போட்டு, ஒளிக்க ஓட்டை தேடும். ஆக, தனிய அவசரமா நடக்கிற பெரிய எறும்புதான் என்ர ஆள்.

பஸ் நிக்கிற ஹோல்டிலை ஒரு மனுசி: "என்ன பிள்ளை, தோடு விழுந்திட்டுதோ?" ஓம் எண்டு சொல்லிப்போட்டன். அவவும் குனிஞ்சு தேடினா. பாவம்.

அம்மாவுக்குச் சொல்லேல்லை. சொல்ல ஏலுமே? எங்கடை வீட்டிலை சீனிப் போத்தல் தண்ணித் தட்டுக்கு நடுவிலை நிக்குது. வாசல்படி, குசினி மூலை எல்லாம் எறும்பு சாகிற சோக் கட்டிக் கோடு. அதுக்கு மேலை மஞ்சள் தூள். அம்மா கோயிலுக்குப் பிந்தினாலும் கோடு போடப் பிந்தமாட்டா.

செப். 27, சனி

நாலு மணிக்கு நல்ல மழை. விட்ட உடனை கீழை ஓடினன். பிளாட் வாசல் லைட்டைச் சுத்தி நூற்றுக்கணக்கிலை! ஜாம் போத்தலுக்குள்ளை பத்துப் பன்னிரண்டு அள்ளிப் போட்டன். மூடியைத் திருகேக்கையே சிரிப்பு வந்துது, அவ்வளவு புளுகம்.

செக்கியூரிட்டி சுனில் அய்யே கதிரையை விட்டு எழும்பி வந்து போத்தலைத் தூக்கிப் பாத்தார். "மிஸ், மேவா கும்பி நெமெய். மேரு."

எறும்பு இல்லையாம். ஈசல். கறையான்.

அறிவியல் படிச்சனான் எண்டு சொல்லுறதுக்கு வெக்கமாக் கிடக்கு. எறும்பெண்டால் இடுப்பு ஒடுங்கியிருக்கோணும், மீசை முழங்கை மாதிரி மடிஞ்சிருக்கோணும். வீட்டை போய் லென்ஸ் வைச்சுப் பாத்தால் இடுப்புமில்லை, மடிப்புமில்லை. எல்லாத்தையும் யன்னலாலை விட்டன். மூண்டு திரும்பி வந்து சோத்துக் கோப்பைக்கை விழுந்துது. அம்மா கத்தின கத்திலை பக்கத்து வீட்டுக் கதவு திறந்துது.

செப். 28, ஞாயிறு

ஆறரைக்குச் சித்தப்பா. எங்களுக்குப் பின்னேரம், டொரொன்டோவிலை அப்ப காலமை ஒன்பது. அப்பா செத்த பிறகு ஒரு ஞாயிறும் போன் எடுக்கத் தவறினதில்லை மனுசன். வழமையிலை அம்மாவோடை பத்து நிமிசம், என்னோடை நாலு நிமிசம். இண்டைக்கு என்ன பிடிச்சுதோ, எறும்புக் கதையைச் சொல்லிப்போட்டன்.

பெரிசாச் சிரிச்சார். "ராசாத்தியோ? இங்கை ஏற்கெனவே ஒராள் இருக்கிறா குஞ்சு, தேத்தண்ணி போட்டுக் குடுத்துக்கொண்டிருக்கிறன்." பின்னாலை சித்தி ஏதோ பேசின சத்தம்.

"பிடிச்சால் படம் அனுப்பு. முட்டை போட்டால் எண்ணிச் சொல்லு, என்ன?"

கேட்ட முதல் ஆள் அவர்தான். மற்ற ஆக்கள் எல்லாம் ஏன் எண்டுதான் கேக்கினம்.

செப். 30, செவ்வாய்

நேற்று ஒண்டு கிடைச்சுது, லிஃப்ட் வாசல்லை. உண்மையான ராசாத்தி, சின்ன இனம், செட்டை இல்லை. பழக்கதோசத்திலை லாப்பிலை இருந்து ஊதா மூடி டியூபை எடுத்து, தண்ணி விட்டு, பஞ்சு வைச்சு, விட்டன். விடிய செத்துக் கிடந்துது.

ஊதா மூடி! உள்ளுக்குள்ளை இரத்தம் உறையாமல் இருக்க மருந்து பூசின டியூப். பத்து வருசமா ஆரார் பிழையான டியூபிலை இரத்தம் எடுக்கினம் எண்டு மற்ற ஆக்களைத் திட்டுறது நான். நஸ்ரினுக்குச் சொல்ல, சிரிச்சுச் சிரிச்சு அவளுக்கு விக்கல் வந்திட்டுது.

இனிக் கண்ணாடி டியூப்தான். கழுவி, அவிச்சு, காயவைச்சு எடுத்து வைச்சிருக்கிறன்.

அம்மா இரவுச் சாப்பாட்டிலை வேறை ஏதோ கதையிலை: "நீ ஒண்டையும் சும்மா இருக்க விடமாட்டாய். கறிவேப்பிலைக் கண்டு நட்டிட்டு, வேர் விட்டுதோ எண்டு நாளுக்கு நாள் பிடுங்கிப் பாத்த ஆள்தானே நீ."

கறிவேப்பிலையைத்தான் சொன்னா. ஆனால் என்னோடை மோதிரம் மாத்தின ஆளையும் சேர்த்துத்தான். எங்கை நிக்கிறியள், ஆரோடை நிக்கிறியள், ஏன் போன் எடுக்கேல்லை. எட்டு மாசம் இதையே கேட்டுக்கொண்டிருந்தன். "உம்மோடை கதைச்சால் எனக்கு மூச்சு முட்டுது" எண்டிட்டுப் போனவர். பிழை அவரிலை இல்லை எண்டு இப்ப தெரியுது. தெரிஞ்சு என்ன?

ஒண்டை, ஒரேயொண்டை, தொடாமல் விட்டு வளர்த்துக் காட்டோணும். ஆருக்கு எண்டு கேட்டால் எனக்குத்தான்.

ஒக்டோபர் 2, வியாழன்

பிடிச்சிட்டன்!!

கொட்டாஞ்சேனைக் கிளைக்குப் பின்னாலை, ஜாம் மரத்துக்குக் கீழை. மத்தியான மழை விட்டு ஒரு மணித்தியாலம். கறுத்தக் கட்டெறும்பு ராசாத்தி. என்ர சின்னிவிரல் நகத்தைவிடப் பெரிசு. முதுகிலை செட்டை முறிஞ்ச அடையாளம். சீமெந்து ஓரமா ஓடுது, நிக்குது, ஓடுது. என்ர நடை மாதிரியே.

சலம் சோதிக்கக் குடுக்க வந்து வரிசையிலை நிண்ட ஐயா ஒருத்தர், நான் முழங்காலிலை தவளுறதைப் பாத்திட்டு: "மிஸ், என்ர போத்தலைக் குடுத்திட்டுப் போகட்டோ, இல்லாட்டி நிக்கவோ?" நிக்கச் சொன்னன்.

கண்ணாடி டியூப், தண்ணி, பஞ்சு, சிவப்புத் துணி. பழக்கத்திலை லேபலும் ஒட்டினன்:

பேர்: ராசாத்தி
வயது: தெரியாது
பால்: பெண்
குறிப்பு: பாஸ்டிங் (வெறும் வயிறு)

கட்டிலுக்குக் கீழை வைச்சிருக்கிறன்.

ஒக். 5, ஞாயிறு

வெயில். நாலு முட்டை! வெள்ளை, உப்புக்கல்லைவிடச் சின்னன். ராசாத்தி வாயாலை தூக்கி அங்கை வைக்குது, இங்கை வைக்குது.

பாத்த நேரங்கள்: 6.10, 7.30, 9, 11.15, 12, 2.40, 5. அதுக்குப் பிறகு எழுதேல்லை.

சித்தப்பாவுக்குச் சொல்ல, "இன்னும் பாஸ்டிங்தானோ? ஐயோ பாவம், என்னைப் போலை" எண்டார். அவருக்குச் சீனி வருத்தம். படம் எங்கை எண்டு கேட்டார். எடுத்தன், மங்கல். திரும்ப எடுத்தன். பிளாஷ் போட்டு எடுத்தன். ஒண்டும் சரிவரேல்லை. நல்லதா ஒண்டு எடுத்து அனுப்புறன் எண்டு சொன்னன்.

ஒக். 8, புதன்

முட்டை இல்லை.

லென்ஸ் வைச்சுப் பாத்தன், டியூபைத் திருப்பிப் பாத்தன், பஞ்சைப் பாத்தன். ஒண்டுமில்லை. தாயே திண்டிட்டுது. வெளிச்சம், அதிர்வு, பயம் எண்டால் அப்பிடித்தான் செய்யுமாம்.

நஸ்ரின் இண்டைக்குச் சிரிக்கேல்லை. "நீ பாத்துப் பாத்துத்தான்டி அது திண்டிரிக்கி. ஒரு எறும்பக்கூட நிம்மதியா ஈக்க உட மாட்டியா?"

ரொய்லெட்டுக்கை போய் நிண்டு அழுதன். எறும்புக்கு அழுறன் எண்டு ஆருக்குச் சொல்லுறது? எறும்புக்கு மட்டும் அழேல்லை, அது வேறை.

ஒக். 10, வெள்ளி

எனக்குக் கிட்ட வைக்கக் கூடாது. எங்கை வைக்கலாம்?

– உடுப்பு அலுமாரி: பூச்சி உருண்டை. சாகும்.
– பிரிட்ஜுக்கு மேலை: நடுக்கம்.
– குசினி: அம்மா.
– லாப்: நான் அங்கையும் இருக்கிறன்.

விடை கிடைச்சிட்டுது. சாமி அலுமாரி. விறாந்தையிலை இருக்கிற இரண்டு கதவு அலுமாரி, அதுக்குக் கீழை இழுத்துத் திறக்கிற லாச்சி. உள்ளுக்கை பழைய பஞ்சாங்கம், திரிப் பெட்டி, வாழ்க்கையிலை ஒருநாளும் திறக்காத விபூதிப் பைக்கற்றுகள். நல்ல இருட்டு. சாம்பிராணிப் புகையும் லாச்சிக்குள்ளை போகாது. முக்கியமான விசயம், தலை முழுகித் தோயாமல் அந்த அலுமாரியைத் தொட அம்மா விடமாட்டா. சோம்பேறி நான், தோய்ஞ்சு போட்டு எத்தனை தரம் பாக்கப்போறன்?

அம்மா பூவுக்குப் போன நேரம் வைச்சிட்டன்.

ஒக். 12, ஞாயிறு

இண்டைக்கு மூண்டு தரம் தோய்ஞ்சன்.

தலை காயவேயில்லை. தும்மல். மூண்டாம் தரம் ஈரத் தலையோடை அலுமாரிக்கு முன்னாலை குந்தியிருக்கேக்கை அம்மா குசினி வாசல்லை நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறா. கண் கலங்கியிருக்கு. உடனை நானும் கண்ணை மூடி, கையைக் கூப்பி, ஏதோ முணுமுணுத்தன்.

பிறகு ஆருக்கோ போனிலை: "ஓம், பிள்ளைக்கு இப்ப நல்ல பக்தி. தானா வந்தது. இனி எல்லாம் சரிவரும்."

ஐயோ.

ஆறரைக்குச் சித்தப்பா. ராசாத்தியைக் கேட்டார். திண்டதைச் சொன்னன். "பரவாயில்லை குஞ்சு, திரும்பப் போடுவா. நீ கொஞ்சம் விட்டுப் பிடி." பிறகு தனக்குச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலை ஏதோ டெஸ்ட், இப்ப கொஞ்ச நாளா நெஞ்சு இறுக்கிறமாதிரி, கனக்க இல்லை எண்டு தொடங்கினார். எனக்கு மனம் முழுக்க லாச்சியிலை. அம்மா மாடிக்கு உடுப்பெடுக்கப் போயிருந்தா, அந்த இடைவெளிக்குள்ளை பாத்திடலாம் எண்டு. "ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கோ சித்தப்பா. சரி, பிறகு கதைக்கிறன், வைக்கட்டே?"

வைச்சிட்டன். பாத்தன். முட்டை இல்லை.

ஒக். 14, செவ்வாய்

மழை. பின்னேரம் ஒரேயொரு தரம் பாத்தன், சத்தியமா ஒரு தரம். மூண்டு முட்டை!

பிளாஷ் இல்லாமல், சிவப்புத் துணிக்குப் பின்னாலை லைட் பிடிச்சு ஒரு படம். வடிவா வந்திட்டுது. சித்தப்பாவுக்கு அனுப்பினன்: "மூண்டு!" படத்துக்குக் கீழை இரண்டு சாம்பல் சரி அடையாளம் விழுந்துது. இன்னும் நீலம் இல்லை, பாக்கேல்லை. டெஸ்டுக்குப் போயிருப்பார்.

ஒக். 15, புதன்

விடிய ஐந்தரைக்குப் போன். சித்தியின்ர தம்பி.

சித்தப்பா இல்லை. செவ்வாய் காலமை டெஸ்டுக்கெண்டு போனவரை அங்கையே மறிச்சு வைச்சவையாம். பின்னேரம் போயிட்டார். போன் வீட்டிலை சார்ஜரிலை.

அம்மா அழேல்லை. எழும்பி, எரிஞ்சுகொண்டிருந்த விளக்கை நூத்து, சாமி அலுமாரி இரண்டு கதவையும் சாத்தி, லாச்சியையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியாலை சுத்தி முடிஞ்சா. துடக்கு. சாவுத் தீட்டு, முப்பத்தொரு நாளைக்குத் திறக்கக் கூடாது.

நான் பாத்துக்கொண்டே நிண்டன். "அம்மா, ஒரு நிமிசம்" எண்டு வாய் வரைக்கும் வந்துது. எதுக்கு எண்டு சொல்லுறது?

ஒக். 17, வெள்ளி

லீவு. வீடு முழுக்க ஆக்கள் வந்து வந்து போகினம். "நல்ல மனுசன்." "என்ன வயசு?" "அறுபத்தெட்டு." "பெரிய வயசில்லையே." தேத்தண்ணி, தேத்தண்ணி.

இரத்தப் பரிசோதனை செய்து சம்பளம் எடுக்கிறவள் நான். நெஞ்சு இறுக்குது எண்டு வாய் திறந்து சொன்ன மனுசனிட்டை என்ன டெஸ்ட் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லை. ரோட்டாலை போற ஒருத்தர் வந்து சொல்லியிருந்தாலும் கதிரை போட்டு இருத்திக் கேட்டிருப்பன். எனக்கு எறும்பு பாக்க அவசரம்.

இதை ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது. அதுதான் எழுதுறன்.

ஒக். 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை. பிளாட் முழுக்கப் பலகார வாசம், மேலை வெடிச் சத்தம். வெடி அதிர்வு லாச்சிக்கும் போகுமே எண்டு ஒரு நினைப்பு. உடனை என்னிலையே ஆத்திரம் வந்துது.

அம்மா: "நீ சாமி கும்பிடத் தொடங்கின நேரம் பாத்து இப்பிடி வந்து மறிச்சிட்டுது." நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கழுவ எழும்பினன்.

ஒக். 22, புதன்

சஷ்டி தொடக்கம். பதினெட்டு வருசமா விடாமல் விரதம் பிடிச்சவ அம்மா, இந்த முறை இல்லை. விடியவே எழும்பிக் கட்டின அலுமாரிக்கு முன்னாலை பாயைப் போட்டுச் சும்மா இருந்தா. கும்பிடவும் இல்லை. நானும் பக்கத்திலை போய் இருந்தன். இரண்டு பேரும் ஒரே அலுமாரியைத்தான் பாத்துக்கொண்டிருந்தம்.

அப்பதான் அம்மா அழுதா. "ஞாயிறு ஞாயிறு என்னட்டை என்ன கறி எண்டு கேப்பார். ஒவ்வொரு கிழமையும் அதே கேள்வி. எனக்கு எரிச்சல் வரும்" எண்டா.

ஒக். 26, ஞாயிறு

ஆறரை. போன் மேசையிலை. இரண்டு பேரும் வேறை வேலை செய்யிறமாதிரி அதுக்குக் கிட்டவே சுத்தினம். ஏழு மணிக்கு அம்மா எடுத்துச் சார்ஜிலை போட்டா.

அனுப்பின படத்துக்குக் கீழை இன்னும் சாம்பல் சரிதான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் பாக்கிறன் எண்டு எழுதேல்லை.

ஒக். 30, வியாழன்

கொட்டாஞ்சேனை. ஜாம் மரத்துக்குக் கீழை போய் நிண்டன், வேறை ஒண்டு பிடிக்கலாம் எண்டு. இரண்டு நடந்து போச்சுது. பிடிக்க மனமில்லை.

நஸ்ரின்: "தண்ணி இரிக்கிதானே டியூப்ல? இருட்டு இரிக்கிதானே? அப்ப அதுக்கு ஒன்னுமில்ல. ஒனக்குத்தான் பிரச்சின."

நவம்பர் 2, ஞாயிறு

அங்கை இண்டைக்கு மணிக்கூடு மாத்துற நாள். வருசா வருசம் சித்தப்பா சொல்லுவார்: "இனி ஏழரைக்குத்தான் எடுப்பன் குஞ்சு, மணிக்கூடு மாத்தியாச்சு." ஆறரைக்கும் இருந்தன். ஏழரைக்கும் இருந்தன்.

நவ. 5, புதன்

பௌர்ணமி, போயா லீவு. அம்மா பாமன்கடையிலை ஒரு சொந்தக்காரர் வீட்டை. திரும்ப ஒரு மணித்தியாலம் செல்லும்.

அலுமாரிக்கு முன்னாலை நிண்டன். அம்மாவின்ர முடிச்சு எனக்குத் தெரியும், அவிட்டு அதேமாதிரிக் கட்ட ஏலும். துடக்கு எனக்கு ஒரு பொருட்டுமில்லை. பஞ்சு பூஞ்சணம் பிடிச்சிருந்தால்? தண்ணி கசிஞ்சிருந்தால்? செத்துக் கிடந்தால்? முடிச்சிலை கை வைச்சிட்டன். ஒரு சுத்து அவிட்டும் விட்டன்.

அண்டைக்கு அந்த மனுசனின்ர போன் கோலை வைச்சது இதே லாச்சியைத் திறக்கத்தானே. இண்டைக்கும் திறந்தால் நான் என்ன மனிசி?

அவிட்ட சுத்தைத் திரும்பக் கட்டினன். செருப்பைப் போட்டுக்கொண்டு தண்டவாளம் வரைக்கும் நடந்து, கடலைப் பாத்து நிண்டு, திரும்பி நடந்து, திரும்பவும் போய், அம்மா வாற மட்டும் வீட்டுக்குள்ளை வரேல்லை. சுனில் அய்யே நாலாம் தரம் கேட்டைத் திறந்து விட்டிட்டு, "மிஸ், மொகத வெலா தியென்னே?" எண்டார். என்ன நடந்தது எண்டு கேக்கிறார். "முகுத் நே அய்யே" எண்டன், ஒண்டுமில்லை எண்டு. ஒண்டும் நடக்கவிடாமல்தானே நாலு தரம் நடந்தது.

நவ. 9, ஞாயிறு

மழை, இடி. அம்மா மாங்காயும் கத்தரிக்காயும் வைச்சா. சாப்பிடேக்கை தானா, "என்ன கறி எண்டு கேட்டால், கத்தரிக்காய், நீங்கள் சாப்பிடமாட்டியளே எண்டு சொல்லுவன் நான்" எண்டா. ஆருக்கு எண்டு கேக்கத் தேவையில்லை.

நவ. 13, வியாழன்

நாளைக்குத் துடக்குக் கழிவு. அம்மா லிஸ்ட்: மாவிலை, மஞ்சள், புதுத் திரி, ஐயருக்குச் சொன்னது சரியோ எண்டு திரும்ப ஒரு கோல். "விடிய முதல் வேலை அலுமாரி. எல்லாம் வெளியிலை எடுத்து மஞ்சள் தண்ணியாலை துடைக்கோணும்."

மஞ்சள் தண்ணி. எறும்புக்கு.

நான் முதல் எழும்போணும். அலாரம் இரண்டு.

நவ. 14, வெள்ளி

அலாரத்துக்கு முதலே முழிப்பு. ஆனால் அம்மா எனக்கும் முதல்.

வெளியாலை வர, துணி அவிட்டுக் கிடக்கு, கதவு திறந்து கிடக்கு, வாளியிலை மஞ்சள் தண்ணி. அம்மா நிலத்திலை குந்தியிருக்கிறா. லாச்சி மடியிலை. கையிலை சிவப்புத் துணி.

லேபலை வாசிச்சா, மூக்குக் கண்ணாடியை மேலை தூக்கி. "ராசாத்தி. பாஸ்டிங்." என்னைப் பாத்தா. "இதென்னடி?"

சொன்னன். எல்லாம். பஸ் ஹோல்டிலை இருந்து, முட்டை திண்டதிலை இருந்து, லாச்சி வரைக்கும். சித்தப்பாவின்ர கடைசிக் கோலையும் சொன்னன், அவர் நெஞ்சைச் சொன்னதை, நான் வைச்சதை. சொல்லச் சொல்ல மூக்கு ஒழுகுது, துடைக்க ஒண்டுமில்லை.

"அப்ப இதுக்கோடி மூண்டு தரம் தோய்ஞ்சனீ?"

"ஓம்."

அம்மா திரும்பி வாளியைக் கிட்ட இழுத்தா. வாளிக்குள்ளை துணியைத் தோய்ச்சா, பிழிஞ்சா, திரும்பத் தோய்ச்சா. "எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே" எண்டு ஒருக்கால் தனக்குத்தானே. கோவம்தான். கோவிக்கட்டும்.

பிறகு டியூபை என்னட்டை நீட்டினா. "உயிரோடை இருக்குதுகளோ எண்டு பார். எனக்குக் கண் தெரியேல்லை."

யன்னல் பக்கம் போய் ஒரு மூலையை மட்டும் விலத்திப் பாத்தன். ராசாத்தி நிக்குது, வயிறு ஒட்டிப்போய். காலுக்குக் கீழை மூண்டு சின்ன எறும்பு. இன்னும் கறுக்கேல்லை, தேத்தண்ணி நிறம். ஒண்டு தாயின்ர மீசையைத் தடவுது.

"மூண்டு அம்மா."

"முப்பத்தொரு நாளும் அது என்னத்தைத் திண்டது?"

"ஒண்டுமில்லை. தன்னைத்தான்."

அம்மா எழும்பி, முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு, அலுமாரித் தட்டிலை இருந்து அபிஷேகத் தேன் போத்தலை எடுத்து மேசையிலை வைச்சா. "ஐயர் வந்து தண்ணி தெளிக்கமுதல் உன்ர அறைக்குக் கொண்டுபோ. மஞ்சள் படாமல் பார்."

பிறகு பகல் முழுக்க என்னோடை கதைக்கேல்லை. ஆனால் என்ர அறை வாசல்லை இருந்த சோக் கோட்டைத் தும்புத்தடியாலை கூட்டினதைக் கண்டனான்.

பின்னேரம். ஐயர் போயிட்டார், வீடு ஈரம், விளக்கு எரியுது. விடிய எடுத்த ஒரேயொரு படம் போனிலை இருந்துது. ஏன் எண்டு தெரியாது, சித்தப்பாவின்ர நம்பருக்கே அனுப்பினன். "சித்தப்பா, மூண்டும் பிழைச்சிட்டுது."

அனுப்பிப்போட்டு உடுப்பு மடிச்சன். திரும்பிப் பாக்க, நீலம். பழைய படத்துக்கும் நீலம். மடிச்ச உடுப்பைக் கீழை போட்டிட்டுப் போனை எடுத்தன்.

எழுதுப்படுது எண்டு காட்டுது. நிக்குது. திரும்ப எழுதுப்படுது.

"நான் சித்தி. இங்கை நேற்று எல்லாம் முடிஞ்சுது. இப்பதான் இவரின்ர போனைத் திறந்தனான். ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடேக்கையும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, குஞ்சின்ர ராசாத்தி முட்டை போட்டுதோ தெரியேல்லை எண்டவர். படம் சின்னனாக் கிடக்கு, எனக்கு விளங்கேல்லை. கிட்ட வைச்சு இன்னொண்டு எடுத்து அனுப்பன் பிள்ளை."

எழும்பிட்டன். துணியிலை கை வைச்சிட்டன். கையை எடுத்தன். திரும்பி வந்து கட்டிலிலை இருந்து எழுதினன்:

"மூண்டு சித்தி, நான் எண்ணினனான். இப்ப எடுக்கேலாது, வெளிச்சம் பட்டால் பயந்திடும். ஒரு கிழமை விடுவம். உங்களுக்கு எப்பிடி இருக்கு? சாப்பிட்டியளோ? ஞாயிறு ஆறரைக்கு நான் கோல் எடுக்கிறன், எல்லாம் ஆறுதலாக் கதைப்பம்."

உடனை நீலம். கன நேரம் எழுதுப்பட்டுக்கொண்டே இருந்துது. வந்தது இவ்வளவுதான்:

"ஏழரைக்கு எடு குஞ்சு. மணிக்கூடு மாத்தியாச்சு."